நூலகத்தில் கழிவுப்பொருள் கலை: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் கைத்தொலைபேசிக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் பத்து வயது முதல் பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நூலகத்தில் கழிவுப்பொருள் கலைப் பட்டறை நடத்தும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை என்னிடம் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"கழிவுப்பொருள் கலைன்னா என்ன? பள்ளிக்கூடத்துல செய்ற கைவேலை மாதிரிதானே?"

ஓரளவுக்கு. பள்ளிக் கைவேலையில் ஆசிரியர் ஒரு மாதிரியைக் காட்டுவார், வகுப்பே அதைச் செய்யும். இங்கே மேசைமேல் என்ன கிடக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்குகிறோம். ஒரு நாள் மளிகைக் கடைப் பெட்டிகளைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை குவிந்திருக்கும். இன்னொரு நாள் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா தையற்கடையிலிருந்து ரவிக்கைத் துண்டுகள் ஒரு மூட்டை வந்திருக்கும். அதை என்ன செய்யலாம் என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். முதல் இருபது நிமிடம் பொருளை மடக்கிப் பார்ப்பதிலும் கிழித்துப் பார்ப்பதிலுமே போய்விடும். அந்த நேரத்தை நாங்கள் குறைப்பதே இல்லை.

"இதை ஏன் நூலகத்துல வைக்கணும்? சமூக மன்றத்துல வைக்கலாமே?"

அங்கேயும் வைக்கலாம், வைக்கிறார்கள். நூலகத்தில் ஒரு வசதி உண்டு. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் நான்கு அடி தள்ளி அலமாரி இருக்கிறது. பாலம் கட்ட முயன்று சரிந்துபோன ஒரு பையன் எழுந்து போய்ப் பாலங்களைப் பற்றிய புத்தகத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். 2021ல் புதுப்பித்துத் திறந்த சுவா சூ காங் பொது நூலகம் சுற்றுச்சூழலையே கருப்பொருளாகக் கொண்டது. ஜூரோங், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் 'மேக்இட்' என்ற உருவாக்கக் கூடங்கள் இருக்கின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் இயந்திரம் எல்லாம் அங்கே பழகலாம். எங்கள் பட்டறையில் ஆர்வம் வந்த பிள்ளைகள் அடுத்து அங்கேதான் போகிறார்கள்.

"காசு எவ்வளவு? எங்கே பதியணும்?"

தேசிய நூலக வாரியத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இலவசம். வாரியத்தின் இணையப்பக்கத்தில் நிகழ்ச்சிகள் பகுதியைப் பாருங்கள். நூலக உறுப்பியம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம்தான். ஜூன் மாத நான்கு வார விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பதிந்துவிட்டு வராமல் இருந்துவிடாதீர்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்யுங்கள், காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அந்த இடம் போகும்.

"மகனுக்குப் பத்து வயசு, மகளுக்குப் பதினாலு. ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பலாமா?"

ஒரே நாளில் அனுப்பலாம், ஒரே மேசையில் உட்கார வைக்க மாட்டோம். தொடக்கநிலை 4, 5, 6 பிள்ளைகளுக்கு அன்றைக்கே ஏதாவது ஒன்று முடிந்து கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் வாடிவிடும். உயர்நிலைப் பிள்ளைகள் அப்படியில்லை. இரண்டு வாரம் இழுத்தாலும் பரவாயில்லை, தாங்கள் நினைத்தது வர வேண்டும் என்பார்கள். ஏழு வயதுத் தம்பி தங்கையைக் கூடவே அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முடியாது. காரணம் கருவிகள். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"வீட்டுல இருந்து என்ன கொண்டு வரணும்?"

நான் சொல்லும் பதில் பலரை முதலில் குழப்பும். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் நீல மறுசுழற்சித் தொட்டி எதை எடுத்துக்கொள்ளாதோ அதைக் கொண்டு வாருங்கள். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், மூன்று-சேர்ப்புக் காப்பிப் பொட்டலம், பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டை, பளபளப்பு அச்சு போட்ட பரிசுத்தாள், கிழிந்த குடைத்துணி, ஒற்றைக் காலுறை, தையல் மிச்சம், உடைந்த வளையல், ஜோடி தொலைந்த காதணி, பழுதான ஸிப், பொத்தான். இவை வேறு வழியில்லாமல் குப்பைக்குப் போகிறவை.

சுத்தமான அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பான டின்களை நீலத் தொட்டியே எடுத்துக்கொள்ளும். அவற்றைக் கலைக்காக வளைத்துக்கொண்டால் நல்ல வழியில் போகிற பொருளை நாமே தடுத்தது போலாகும். எப்போதாவது அட்டை பயன்படுத்துவோம், ஆனால் சாயமோ பசையோ படாமல், பிறகு தொட்டிக்கே போகும்படி.

"நீலத் தொட்டியில போட்டா அவங்களே மறுசுழற்சி பண்ணிடுவாங்க. பிறகு எதுக்கு இந்தக் கலை?"

தொட்டியில் போட்டதெல்லாம் மறுசுழற்சி ஆகிறது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்வது வேறு. நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதில் போடக் கூடாதவை அல்லது உணவும் நீரும் பட்டுக் கெட்டுப்போனவை. பாதி குடித்த மைலோ பொட்டலம் ஒன்று கசிந்தால் பக்கத்தில் கிடக்கும் காகிதமெல்லாம் வீண். 2023ல் வீட்டுக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 12 விழுக்காடுதான்.

மீதி எங்கே போகிறது? எரியாலைக்கு. எரித்தால் கழிவின் பரும அளவு 90 விழுக்காடு வரை குறைந்துவிடும், ஆனால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் படகேறிப் புலாவ் செமக்கா என்ற குப்பை நிரப்பும் தீவுக்குப் போகின்றன. 1999 ஏப்ரலில் அங்கே கொட்டத் தொடங்கினார்கள். இப்போது போகிற வேகத்தில் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று அரசாங்கம் கணித்திருக்கிறது. பட்டறைக்கு வரும் உயர்நிலை 1 பிள்ளைக்கு அப்போது வயது இருபதுக்குச் சற்று மேல் இருக்கும். இதைச் சொல்லும்போது மேசையில் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் கலை செமக்காவைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தப் பொருள் எதனால் ஆனது, எது எங்கே போகும் என்பது ஒரு முறை கையில் பிடித்து வெட்டிப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது. பால் பெட்டியை உரித்துப் பார்க்கச் சொல்வோம். காகிதம், அதன்மேல் பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய அலுமினியம் என்று படலம் படலமாக வரும். அதைப் பிரித்துப் பார்த்த பிறகு, பிள்ளைகள் அந்தப் பெட்டியைக் கழுவாமல் எறிவதில்லை என்று பெற்றோரே வந்து சொல்கிறார்கள்.

"எதையெல்லாம் கொண்டு வரவே கூடாது?"

பேட்டரி, மின்விளக்கு, பழைய மின்சுற்றுப் பலகை வேண்டாம். சுற்றுப்பலகையின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டிகளில் போடுங்கள். 2021 ஜூலை முதல் அதற்கென்றே நாடு முழுக்க ஒரு திட்டம் நடக்கிறது. கடை ரசீது வேண்டாம். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் ரசாயனப் பூச்சு இருக்கிறது, அது மறுசுழற்சிக்கும் உதவாது. குறுந்தட்டு உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும், அதனால் வேண்டாம். கறை படிந்த முட்டை அட்டையும் வேண்டாம். தெர்மாகோல் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்வோம், ஆனால் சூடான கம்பியால் அறுக்க விட மாட்டோம். புகை நெஞ்சுக்கு ஆகாது.

மினுமினுப்புத் தூளை எந்த வடிவிலும் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் அது பொடியாக வெட்டிய பிளாஸ்டிக். நூலகக் கம்பளத்தில் விழுந்தால் துப்புரவாளர் அக்காதான் மாதக்கணக்கில் அல்லாட வேண்டும்.

"ஒரு மாசம் வீட்டுல சேர்த்து வச்சுட்டு மொத்தமா கொண்டு வரலாமா?"

சேர்க்கலாம், நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு. வறுவல் பொட்டலத்தை ஓரத்தில் வெட்டித் திறந்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுத் துடைத்து, கவிழ்த்து உலர்த்துங்கள். எண்ணெய் இருந்தால் கரப்பான் வரும், சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே அந்த இரண்டும் வரக் கூடாது. மோப்பம் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் மூட்டை கட்டி வைக்காதீர்கள். தீ விபத்தின்போது ஓட வழி வேண்டும். 1.2 மீட்டர் அகலம் தாராளமாக இருக்க வேண்டும் என்பது விதி. டின்னையும் தொட்டியையும் மழைபடும் இடத்தில் நிமிர்த்தி வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். கவிழ்த்து வையுங்கள், முடிந்தால் வீட்டுக்குள்ளேயே.

"மூடி போதலை. ஒரு பெட்டி தண்ணீர் போத்தல் வாங்கித் தந்துடட்டுமா?"

தயவுசெய்து வேண்டாம். இதை நான் கடுமையாகவே சொல்வேன். கலைக்காகக் குப்பையை விலைகொடுத்து வாங்கினால் நாம் தொடங்கிய இடத்துக்கே எதிராகப் போகிறோம். மூடி இருபதுதான் இருக்கிறது என்றால் இருபதில் முடிகிற வடிவத்தை யோசிக்கச் சொல்லுங்கள். சிறந்த வடிவமைப்புகள் பல போதாமையிலிருந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். கடையில் 'மறுபயன்பாட்டுக் கலைப்பெட்டி' என்று புதுச் சாமான்களை அடுக்கி விற்கிறார்களே, அதற்கும் இதே பதில்தான்.

"பத்துக் காசு திரும்பக் கிடைக்கிற போத்தலை வெட்டலாமா?"

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் பானக் கொள்கலன் திட்டத்தைப் பற்றிய கேள்வி இது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரை உள்ள பிளாஸ்டிக் போத்தலுக்கும் உலோகக் குவளைக்கும் 10 காசு வைப்புத்தொகை. காலிக் கொள்கலனை இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பும். வெட்டி, நசுக்கி, பட்டைக்குறியீட்டைக் கிழித்துவிட்டால் காசு போனது போனதுதான், பொருளும் நல்ல மறுசுழற்சி வழியை இழந்துவிடும். அதனால் வைப்புத்தொகைக் குறி உள்ளதைப் பட்டறைக்குக் கொண்டு வராதீர்கள்.

கண்ணாடிப் போத்தலும் பானப் பெட்டியும் அந்தத் திட்டத்தில் இல்லை. ஷாம்பூ, எண்ணெய், சோப்புத் திரவம் இருந்த போத்தல்களும் இல்லை. ஷாம்பூ போத்தல் தடித்து வளையும் தன்மை கொண்டது, தண்ணீர்ப் போத்தலைவிட வேலைக்கு அருமையாக இருக்கும்.

"கத்தி, க்ளூ கன் எல்லாம் பிள்ளைங்க கையில கொடுப்பீங்களா?"

கத்தரிக்கோல், ஊசி, குறடு, தோல் துளையிடும் ஊசி ஆகியவற்றைக் கொடுப்போம். உருவி நீளும் கத்தியைப் பதின்மூன்று வயதுக்கு மேல், ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். டின் மூடியின் விளிம்பைத் தொண்டூழியர் முன்கூட்டியே அரத்தால் தேய்த்து, நாடா ஒட்டித் தருவார். சூட்டுப் பசைக் கருவியில் இரண்டு வகை உண்டு. சாதாரண வகை ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வரை போகும், குறைந்த வெப்ப வகை 120 டிகிரி அளவில் நிற்கும். எங்களிடம் இருப்பது இரண்டாவது வகை. அதுவும் சுடும். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை தடவாதீர்கள், பனிக்கட்டியும் வைக்காதீர்கள்.

உண்மையில் பசையை நாங்கள் முடிந்தவரை தவிர்க்கிறோம். அதற்குக் காரணம் பாதுகாப்பு மட்டுமில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

"எவ்வளவு பசை போட்டாலும் போத்தல் மூடி பிய்ஞ்சு வந்துடுதே, ஏன்?"

மூடிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அவற்றின் மேற்பரப்பில் திரவங்கள் பரவிப் பற்றிக்கொள்வதில்லை. மெழுகுத்தாளில் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது போலத்தான். வெள்ளைப் பசை காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். சாயத்துக்கும் அதே கதி. உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வழி என்னவென்றால், துளை போட்டுக் கம்பியாலோ நூலாலோ கோப்பது. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்து வேலை செய்த எல் அனாட்சுயி என்ற கலைஞர் மதுப் போத்தல்களின் உலோக மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு திரைச்சீலைகள் செய்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுத்துணி போலத் தொங்கும். 2015ல் வெனிஸ் பியனாலேயின் வாழ்நாள் சாதனை விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய படைப்புகளின் படத்தைக் காட்டிய பிறகு பிள்ளைகள் பசை கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

"எங்க அம்மா காகிதக்கூழ்ல கூடை செய்வாங்க. நான் செஞ்சா பூஞ்சை பிடிக்குது."

உங்கள் அம்மா ஊரில், வெயில் முற்றத்தில் காயவைத்திருப்பார். இங்கே ஈரப்பதம் பல நாள்களில் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கிறது. கூழ் கனமாக அப்பப்பட்டால் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிற்கும், ஒரே வாரத்தில் கறுப்புப் புள்ளி வந்துவிடும். மெல்லிய படலமாகப் பூசி, மின்விசிறிக் காற்றில் முழுதாகக் காயவிட்டு, அப்புறம் அடுத்த படலம். நான்கு படலத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் இது ஒரு நாள் பட்டறைக்கு ஏற்ற வேலை இல்லை. நாங்கள் ஆண்டுக்கு ஒரு முறை, கொலு வைக்கும் நாள்களுக்கு முன்பு, மூன்று வாரத் தொடராகச் செய்கிறோம்.

பாட்டிமார் ஊறிய காகிதத்தோடு வெந்தயத்தை அரைத்துச் சேர்ப்பார்கள். முறத்துக்கும் கூடைக்கும் அதைப் பூசுவார்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழை இறுக்கிப் பிடிக்கும், பூச்சி அண்டாது என்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த வாசனை பிடித்துப்போய்விடுகிறது. மைதாப் பசை சேர்க்கலாம், ஆனால் சுவரொட்டி ஒட்டுபவர்கள் போல மயில்துத்தம் கலக்காதீர்கள், அது நஞ்சு. கொலு முடிந்ததும் பொம்மையை எடுத்து வைக்கும்போது காற்றுப் புகும் பெட்டியில் வையுங்கள்.

"என் பையன், 'இது சின்னப் பிள்ளைங்க வேலை'ன்னு வர மாட்டேங்கிறான்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் கழிவறைக் காகிதச் சுருளில் வண்ணத்துப்பூச்சிதான் செய்யச் சொல்கிறார்கள். அவனை வேறு வேலைக்குக் கூப்பிடுங்கள். பெட்டி கட்டும் பட்டையில் கூடை முடையச் சொல்லுங்கள். நம் வீடுகளில் ஒயர்க்கூடை பின்னினார்களே, சிவன்கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு என்று, அந்தக் கைவேலைதான். பட்டை தட்டையாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முடிச்சுக்கு வளையாது, பாய் முடைவது போல மேலும் கீழுமாகக் கோக்க வேண்டும். முடித்த கூடை ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும். சூப்பர்மார்க்கெட்டில் பைக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதால் அம்மாக்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள்.

சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த பீங்கான், வளையல், இடிந்த வீடுகளின் சிதிலம் எல்லாவற்றையும் சேர்த்து, அரசாங்க நிலத்தில் யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சிலைகள் எழுப்பினார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது பல ஏக்கருக்குப் பரவியிருந்தது. இடிக்கவில்லை, 1976ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் கதையைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். ரகசியமாகச் செய்தார் என்ற இடத்தில் அவன் காது கொடுப்பான்.

"தமிழ்ல நடத்துவீங்களா? பிள்ளைக்குத் தமிழ் சரியா வராதே."

இரண்டு மொழியும் கலந்து வரும், யாரையும் திருத்திக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் கைவேலைக்குரிய சொற்களைத் தமிழிலேயே சொல்வோம்: மடி, சுருட்டு, முடை, கோ, துளை, விளிம்பு, பொருத்து. கையால் செய்துகொண்டே கேட்கிற சொல் தானாக நிற்கும். பாடநூலில் 'முடைதல்' என்று படித்தால் மறந்துவிடும்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போது ஓர் எழுத்து வேலை வைப்போம். 1935ல் தொடங்கிய நம் தமிழ் முரசின் பழைய பிரதிகளிலிருந்து எழுத்துகளை வெட்டி, பெயரோ ஒரு வரியோ அமைக்க வேண்டும். ஒரு முறை ஒரு பையனுக்குப் பெரிய அளவில் 'ழ' கிடைக்கவில்லை. பக்கம் பக்கமாகத் தேடினான். தேடும்போது தலைப்புகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனான். தமிழ் வகுப்பில் வாயே திறக்க மாட்டான் என்று அவன் அம்மா சொல்லியிருந்தார். நான் ஒன்றும் பேசாமல் அடுத்த நாளிதழை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன்.

"கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டா இருக்கு. ஆனா சாமி படம் போட்டிருக்கே, வெட்டலாமா?"

பத்திரிகை அட்டை நல்ல தடிமன், தங்க அச்சு, ரிப்பன், சில சமயம் துணிகூட ஒட்டியிருக்கும். கலப்புப் பொருள் என்பதால் நீலத் தொட்டிக்கும் அவ்வளவு ஏற்றதில்லை. ஆக, நமக்கு மிகவும் பயன்படும். சாமி படத்தை வீட்டுப் பெரியவர்களே முதலில் முழுதாக வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அந்தப் படத்தைப் பூசையறையில் வைப்பதா, புத்தகக் குறியாக்குவதா என்பது உங்கள் முடிவு. திருக்குர்ஆன் வசனமோ பைபிள் வசனமோ அச்சிட்ட அழைப்பிதழ்களுக்கும் இதே முறைதான். தப்பித் தவறி மேசைக்கு வந்துவிட்டால் தனி உறையில் போட்டுத் திருப்பித் தருவோம்.

மணமக்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ள பகுதியையும் நீக்கிவிடுங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை.

"புத்தகத்தை மடிச்சு, வெட்டிக் கலை செய்றாங்களாமே? நூலகத்துலயே புத்தகத்தைக் கிழிக்கலாமா?"

கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். இந்தக் கேள்வி எனக்கும் உறுத்தியது. எங்கள் விதி இதுதான்: யாராவது படிக்க முடிகிற புத்தகத்தைத் தொடக் கூடாது. நூலகப் புத்தகம் எதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

தொடக்கநிலை இறுதித் தேர்வு முடிந்த கையோடு வீடுகளில் பயிற்சிநூல்கள் மலையாகக் குவியும். எழுதாதவற்றை அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முழுக்க எழுதி முடித்தவற்றை மடிப்புக் கலைக்கு எடுக்கிறோம். வெட்டாமல், ஒட்டாமல், பக்கங்களை மட்டும் அளவெடுத்து மடித்து எழுத்தோ உருவமோ வரவைப்பது. பிறகு வேண்டாமென்றால் அப்படியே காகிதமாக நீலத் தொட்டியில் போடலாம். கணக்குப் பயிற்சிநூலை மடித்து, அதில் தன் பெயரைக் கொண்டுவந்த ஒரு சிறுமி, "இப்பதான் இந்தப் புத்தகம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"இதுக்கு விஐஏ மணிநேரம் கிடைக்குமா? நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவுமா?"

விஐஏ என்பது பள்ளிப் பிள்ளைகள் செய்யும் சமூகத் தொண்டு. பங்கேற்பவராக வந்தால் அதற்கான மணிநேரம் கிடைக்காது. மூத்த பிள்ளைகள் உதவியாளராக வந்து இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் வந்துபோன நேரத்தைக் குறித்துக் கடிதம் தருவோம். ஏற்பதும் மறுப்பதும் பள்ளியைப் பொறுத்தது. நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு, அதாவது திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் முன்கூட்டியே இடம் பெறுவதற்கு என்றால், முடிந்த பொருளின் படத்தைவிடத் தோற்றுப்போன முயற்சிகளின் படங்களைச் சேர்த்து வைப்பது நல்லது. பிள்ளை எப்படி யோசித்தாள் என்பது அதில்தான் தெரியும். இதற்காக மட்டும் அனுப்பினால் பிள்ளைக்கே அது தெரிந்துவிடும்.

"செஞ்சதெல்லாம் வீட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. தூக்கிப் போட மனசு வரலை. என்ன பண்றது?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். சாயம் பூசி, பசை ஒட்டி, நாலு வகைப் பொருளைச் சேர்த்துச் செய்த ஒன்றை எந்த மறுசுழற்சித் தொட்டியும் ஏற்காது. கலை என்ற பெயரில் எரியாலைக்குப் போவதைச் சில மாதம் தள்ளிப்போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். தொடங்கிய காலத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆண்டிறுதியில் கண்காட்சி முடிந்து, யாரும் எடுத்துப் போகாத படைப்புகளை மூன்று கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குத் தூக்கிப் போனது நான்தான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் கம்பி, நூல், முடைதல், மடித்தல், திருகாணி என்று மாறினோம். மூடி ஏன் ஒட்டாது என்ற பதிலில் சொன்னது இதற்கும் பொருந்தும்: கோத்ததைப் பிரிக்கலாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. இப்போது ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் 'பிரிக்கும் நாள்' என்று ஒரு நாள் வைக்கிறோம். படைப்பைப் படம் எடுத்துவிட்டு, வேண்டுமென்றால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், வேண்டாமென்றால் குறடோடு உட்கார்ந்து பிரித்து, கம்பியைக் கம்பிப் பெட்டியிலும் மூடியை மூடிப் பெட்டியிலும் போடலாம். பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்தோம். பிரிப்பதை அவர்கள் செய்வதைவிட ரசிக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒட்டிச் செய்தவை வீட்டில் இருந்தால் மிகப் பிடித்த இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் குப்பையில் போடுங்கள். நீலத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

"என் பக்கத்து நூலகத்துலயோ கீழ்த்தளத்துலயோ நானே நடத்த ஆசை. எப்படித் தொடங்கணும்?"

முதலில் நூலகத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். அவர் கேட்கப் போவது மூன்று: தரை என்ன ஆகும், சத்தம் எவ்வளவு, மிச்சத்தை யார் எடுத்துப் போவார்கள். மூன்றுக்கும் பதிலோடு போங்கள். தரைக்குப் பழைய சாப்பாட்டு மேசை விரிப்பு போதும். சுத்தியல் வேலையை நூலகத்தில் வைக்காதீர்கள், கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். மிச்சத்தை நீங்களே எடுத்துப் போகத் தயாராக இருங்கள்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் முதல் முறை வேண்டாம், இரண்டு பெரியவர்களாவது இருக்கட்டும். ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள். வறுவல் பொட்டலம் மட்டும், அல்லது பட்டை மட்டும். பல பொருள்களைக் குவித்தால் பிள்ளைகள் தேர்வதிலேயே களைத்துவிடுவார்கள். பட்டை வேண்டுமென்றால் வீட்டுக்குக் கீழே உள்ள மினிமார்ட்டில் சரக்கு இறங்கும் காலை நேரத்தில் போய்க் கேளுங்கள். துணிக்குத் தேக்கா தையற்கடைகளில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கேளுங்கள், மூட்டையாகவே தருவார்கள். ஆனால் அப்போது அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, நின்று பேசாமல் பையைக் கொடுத்துவிட்டு மாலையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரப் பட்டறையில் கடைசி அரை மணி நேரத்தைத் துப்புரவுக்கே ஒதுக்குங்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. பை, குறடு, பழைய விரிப்பு தேவைப்பட்டால் என்னிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.